புதுப்பிப்பு: ஒரே போன், இரண்டு பிள்ளைகள், வீட்டில் பாடம்

2020 மார்ச்சில் பள்ளி மூடியதிலிருந்து ஒரே போனில் ஏழாம் வகுப்புப் பெண்ணையும் மூன்றாம் வகுப்புப் பையனையும் எப்படிப் படிக்க வைப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடுதான். பாட வீடியோக்கள் இருக்கும் அரசின் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, ராத்திரி மிச்சமிருக்கும் டேட்டாவில் பையனுக்கு வீடியோவை இறக்கி வைத்துவிடுகிறேன். மறுநாள் நெட் இல்லாமலே ஓடுகிறது. பெண்ணுக்குக் கல்வி தொலைக்காட்சி. கால அட்டவணை ஒட்டும் யோசனை மட்டும் எடுபடவில்லை. பையன் அதில் மீசை வரைந்துவிட்டான்.

எதிர்பாராதது ஒன்று: கடன் வாங்கிக் கழிப்பது அக்கா சொன்னால் அவனுக்குப் புரிகிறது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்துக் காட்டுகிறாள். நான் உட்கார்ந்தால்தான் ஐயாவுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கிறது.