‘தின்னிங்’: ஊடுவெட்டு, வெட்டுப்பங்கு, கரிம இருப்பு

ஐயா, வணக்கம்.

காட்டில் நெருங்கி நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி மற்றவற்றுக்கு இடம் விடுவதே ‘தின்னிங்’ (thinning). உங்கள் கலைச்சொல் பட்டியலில் அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழில் எதை வைக்கலாம் என்பது பற்றி என் கருத்து இது. ‘மெலிவிப்பு’ வேண்டாம். நிற்கிற மரம் பருக்கத்தானே பக்கத்து மரத்தை எடுக்கிறோம்! ‘கலைப்பு’ நல்ல சொல். எங்கள் பக்கம் எள்ளுக் கொல்லையில் செடி நெருங்கி நின்றால் ‘கலைச்சு விடு’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ‘காட்டுக் கலைப்பு’ என்று எழுதினால் காட்டையே அழிப்பதாகப் படும். ஊடுபயிர் எல்லாருக்கும் தெரியும். அந்த ‘ஊடு’வைக் கொண்டு ‘ஊடுவெட்டு’ எனலாம். தைலமரக் காட்டில் எல்லா மரத்தையும் ஒரேயடியாக வெட்டுவது ‘முழுவெட்டு’.

சிக்கல் அடுத்த சொல்லில்தான்: ஊடுவெட்டில் எவ்வளவு வெட்டினோம் என்பதைக் குறிக்கும் ‘இன்டென்சிட்டி’ (intensity). ‘தீவிரம்’ என்றால் எதன் தீவிரம்? ‘செறிவு’ என்றால் மர நெருக்கத்தோடு குழம்பும். நூற்றுக்கு நாற்பது மரம் எடுப்பதும் அடிப்பரப்பில் 40 சதவீதம் எடுப்பதும் ஒன்றல்ல. மார்பு உயரத்தில், நம் நாட்டு வழக்கில் 1.37 மீட்டரில், ஒவ்வொரு தண்டின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் வருவது அடிப்பரப்பு. 40 செ.மீ. விட்டமுள்ள ஒரே மரம், 10 செ.மீ. விட்டமுள்ள 16 மரங்களுக்குச் சமம். அதனால் ‘வெட்டுப்பங்கு’ என்கிறேன்: வெட்டுவதற்கு முன்பிருந்த அடிப்பரப்பில் எத்தனை சதவீதத்தை எடுத்தோம் என்பது.

கரிமத்துக்கும் (கார்பன்) இரண்டு சொல் வேண்டும். செட்டிநாட்டுப் பேரேட்டில் இருப்பையும் வரவையும் யாரும் குழப்புவதில்லை. மரத்திலும் மண்ணிலும் உள்ளது ‘கரிம இருப்பு’. ஆண்டுதோறும் சேர்வது ‘கரிம வரவு’. வெட்டிய அன்றே நிற்கும் காட்டின் இருப்பு குறைகிறது. மீந்த மரங்களுக்கு வெயிலும் தண்ணீரும் கூடுதலாகக் கிடைக்க, ஒவ்வொன்றும் வேகமாகப் பருக்கும். அதனாலேயே காட்டின் மொத்த வரவு கூடிவிட்டதாகாது. வெட்டுப்பங்கு சிறிதானால் இருப்பு சீக்கிரம் மீளலாம். பெரிதானால் நெடுங்காலம் பிடிக்கும்; வெயில் நேரே மண்ணில் விழும், இடைவெளியில் சீமைக் கருவேல் புகும். எல்லாவற்றையும் ‘சேமிப்பு’ என்று எழுதினால், ‘ஊடுவெட்டினால் கரிமச் சேமிப்பு கூடும்’ என்ற ஒரு வரியைக் காட்டியே கோடாலி தூக்குவார்கள். எனக்கு அந்தப் பயம் நிறைய உண்டு.

வெட்டிய மரத்துக்குத் தனிக் கணக்கு. கானாடுகாத்தான் வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் நூறாண்டாகியும் கரிமத்தை விடவில்லை. அடுப்பில் வைத்த விறகு அன்றைக்கே விட்டுவிடும். காட்டுக்கு வெளியே மரப்பொருளில் இப்படித் தங்கியிருக்கும் கரிமத்தை ‘வெளியிருப்பு’ எனலாமா?

கலப்புக் காட்டுக்கு இன்னொன்றும் தேவை. ‘சிறுத்ததை வெட்டு’ என்ற விதி ஒரே இன மரத் தோட்டத்துக்கு ஒத்துவரும். கோயில்காட்டு இனங்களை நட்டு மீட்ட இடத்தில் வீரை, உலக்கைப் பாலை ஆகிய மரங்கள் மெதுவாகத்தான் வளரும். ஆகவே சிறுத்துத்தான் நிற்கும். பாலை உலக்கைக்கு ஆகிற கனத்த மரம். அதே பருமனுள்ள இலேசான மரத்தைவிட அதில் கரிமம் கூடுதல். அவற்றை வெட்டிவிட்டு வெட்டுப்பங்கு வெறும் 10 சதவீதம்தான் என்று அறிக்கை எழுதலாம். நாளைய காடே போயிருக்கும். ஆகவே ‘இனவாரி வெட்டுப்பங்கு’ என்பதையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் ஐயம். ‘வெட்டுப்பங்கு’ ஏலம் எடுத்தவருக்குச் சேரும் பங்கு என்று ஒலிக்கிறதா? ஒலித்தால் ‘ஊடுவெட்டு விழுக்காடு’ என்றே வைத்துக்கொள்வோம். நீளம்தான், பொருள் தவறாது.