மறு: ராக்கெட்டில் ‘பாசிவேஷன்’: ‘ஆற்றல் வடிப்பு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வேலை முடிந்த ராக்கெட்டில் மிஞ்சியிருக்கும் ஆற்றலை வெளியேற்றுவதை ஆங்கிலத்தில் ‘பாசிவேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் குழுவில் வந்த இரண்டு யோசனைகள் இவை:

> பாசிவேஷன் = செயலிழக்கச் செய்தல்

> வேதியியலில் ‘செயலறு நிலையாக்கம்’ ஏற்கெனவே இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வேதியியலில் உலோகத்தின் மேல் ஒரு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. ராக்கெட்டில் நடப்பது வேறு. வேலை முடிந்ததும் தொட்டியில் மிஞ்சிய எரிபொருளையும் அழுத்த வாயுவையும் வெளியே விடுகிறார்கள், பேட்டரியில் இருக்கும் சார்ஜையும் தீர்க்கிறார்கள். உள்ளே எதுவும் தங்கக்கூடாது, அவ்வளவுதான்.

தங்கினால் என்ன ஆகும்? 2001 அக்டோபரில் போன இஸ்ரோவின் பிஎஸ்எல்வி சி3 ராக்கெட்டின் கடைசி நிலை (மேலடுக்கு), அந்த டிசம்பரில் சுற்றுப்பாதையிலேயே வெடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். பிஎஸ்எல்வியின் நான்காவது நிலையில் எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் வகை.

இதை நான் சின்ன அளவில் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீடு சூலூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவினால் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். போன கோடையில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் ராக்கெட் செய்தேன். சைக்கிள் பம்பால் காற்றடித்துக் ஏவுவதற்காகக் கயிற்றை இழுத்தால், பாட்டிலைப் பிடித்திருந்த ஊசி கழலாமல் மாட்டிக்கொண்டது. சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்று அப்படியே வெயிலில் விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது பாட்டிலின் அடிப்பாகம் கொடியில் காய்ந்த வேட்டியைக் கிழித்துக்கொண்டு சுவரோரம் கிடந்தது. நல்லவேளை, மாடியில் யாரும் இல்லை. அன்றிலிருந்து, ஏவாவிட்டால் முதல் வேலை காற்றை இறக்குவது.

அதனால் ‘ஆற்றல் இறக்கம்’ என்றுதான் முதலில் யோசித்தேன். டியூபில் காற்றை இறக்குகிறோம், போனில் சார்ஜ் இறங்குகிறது, இரண்டும் பேச்சில் இருக்கின்றன. ஆனால் விண்வெளியில் ‘இறக்கம்’ என்றால் கலம் கீழே வருவதுதான் நினைவுக்கு வரும். 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்டபிறகு, அதைக் கொண்டுபோன பிஎஸ்எல்வியின் நான்காவது நிலையை 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தி, மிச்ச எரிபொருளை வெளியேற்றினார்கள். தாழ்த்தியது ஒன்று, வெளியேற்றியது இன்னொன்று. ஒரே சொல் இரண்டையும் குழப்பும்.

‘செயலிழக்கச் செய்தல்’ விழுவதும் இங்கேதான். எரிபொருளை வெளியேற்றிய அந்த நிலைதான் போயம்-3 என்ற பெயரில் ஆய்வுக்கருவிகளைச் சுமந்து வேலை செய்தது! திருவனந்தபுரம் பூஜப்புரை மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகள் செய்த வீசாட் என்ற கருவியும் அதில் இருந்தது. மார்ச் 21 அன்றுதான் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது. குப்பையாக வேண்டியதை ஆய்வுமேடையாக்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது. அதைப் போய்ச் செயலிழந்தது என்று எப்படி எழுதுவது?

அதனால்தான் ‘ஆற்றல் வடிப்பு’ என்கிறேன். பாட்டி உலையிறக்கிப் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடிப்பார். கஞ்சி போய்விடும், சோறு பானையிலேயே இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை தெலுங்கில் இதை ‘வார்ச்சடம்’ என்பார். நமக்கு வார்ப்பது தோசையை, அதனால் வடிப்பே இருக்கட்டும். ‘ஆற்றல்’ என்று முன்னால் சேர்த்தால் காய்ச்சி வடித்தலோடும் குழம்பாது. வினையாகவும் இயல்பாக வருகிறது: ‘தொட்டியை வடித்தாயிற்று’, ‘வடிக்காத நிலை ஆபத்தானது’.

ஒரே ஒரு இடத்தில் தடுமாறுகிறேன். செயற்கைக்கோளுக்குள் வேகமாகச் சுற்றும் சக்கரங்களை நிறுத்துவதும் பாசிவேஷனில் அடங்கும். சுழற்சியை ‘வடிப்பது’ என்றால் உங்கள் காதுக்கு ஒட்டுகிறதா? பட்டறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.