எவியான் பேச்சு ஏன் இவ்வளவு இழுபட்டது?

ஹட்டன், வரலாற்று ஆசிரியை:
வணக்கம். உயர்தர வகுப்புக்கு, பிரான்சின் ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரின் போர்நிறுத்தம் படிப்பிக்கணும். 1960 ஜூனில் பிரான்சின் மெலன் நகரில் பேச்சு முறிந்தது. கையெழுத்து 1962 மார்ச் 18இல், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள பிரெஞ்சு நகரான எவியானில். "ரெண்டு பக்கமும் களைச்சுப் போச்சுதானே மிஸ்?" என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு அது போதவில்லை.

பண்டாரவளை வாசகர்:
பெரிய முடிச்சு சகாராதான் மிஸ். 1956இல் ஹாசி மெசாவூத்தில் எண்ணெய் கிடைத்ததும், பாலைவனத்தை மட்டும் தனியே பிரித்து வைத்துக்கொள்ளப் பார்த்தது பிரான்ஸ். அல்ஜீரியாவுக்காகப் போராடிய தேசிய விடுதலை முன்னணி ஒரு பிடி மணலும் விடவில்லை. 1961 செப்டம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் இறங்கி வந்த பிறகுதான் வழி திறந்தது. அல்ஜீரியக் குழு சுவிஸ் பக்கம் தங்கி, ஏரிக்கு மேலால் ஹெலிகொப்டரில் வந்துபோனது.

தலவாக்கலையிலிருந்து:
மேசையில் யார் உட்காருவது என்பதையும் சொல்லுங்க மிஸ். விடுதலை முன்னணிக்குப் போட்டியான மெசாலி ஹாஜின் இயக்கத்தோடும் பேசுவோம் என்று பிரான்ஸ் சொன்னதும், 1961 ஏப்ரலில் தொடங்க இருந்த பேச்சுக்கே வர மறுத்தது விடுதலை முன்னணி. அந்தப் பிடிவாதம் எனக்கு நல்லா விளங்குது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கட மலையக மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். தோட்டத்து லயத்தில் யாரைக் கேட்டார்கள்? அப்பாயியும் அவங்க தங்கச்சியும் ஒரே மாதிரி ரெண்டு தகரப் பெட்டி வாங்கினாங்க. ஒன்று தலைமன்னாரில் கப்பலேறியது. மற்றது எங்க வீட்டில் அரிசிப் பெட்டி. மூடியில் எழுதிய ஊர்ப்பேர் பாதி சுரண்டியிருக்கு; அப்பாயியே சுரண்டினது.

ஹட்டன், வரலாற்று ஆசிரியை:
நன்றி அண்ணா. புதன்கிழமை சகாராவில் தொடங்குகிறேன். அந்த மூடியை ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா? வகுப்பில் காட்டணும்.