பொருள்: முன்வரைவை ஓவியத் தாளுக்கு மாற்றுதல் – துளையச்சா, பொடியொற்றா?

> ஊசித்துளை வழியே கரிப்பொடி தட்டிக் கோட்டை மாற்றும் முறைக்குத் "துளையச்சு" போதுமே?

ஐயா, வணக்கம்.

போதாது என்றே எனக்குப் படுகிறது. துளையச்சு என்றால் பலருக்கும் ஸ்டென்சில்தான் நினைவுக்கு வரும். ஸ்டென்சிலில் உருவத்தையே வெட்டி எடுத்துவிடுவோம். வெட்டிய இடம் முழுக்க வண்ணம் ஏறும். இங்கே கோட்டின்மேல் நெருக்கமாக ஊசி குத்தி, தாளை ஓவியப் பரப்பில் பொருத்தி, மெல்லிய துணியில் முடிந்த கரிப்பொடியால் தட்டுகிறோம். கீழே பதிவது புள்ளி வரிசை மட்டுமே. பென்சிலால் அதை இணைத்தபின் மிச்சப் பொடியைத் தட்டிவிடலாம்.

காட்டுயிர் ஓவியருக்கு இந்த வேறுபாடு முக்கியம். புலியின் கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளி சற்றுப் பிசகினாலும் முகம் கெட்டுவிடும். அதனால் தனித்தாளில் திருத்தித் திருத்தி வரைவார்கள். அத்தனை திருத்தத்தையும் நீர்வண்ணத் தாளிலேயே செய்தால், ரப்பர் பட்டு, தாளின் மேல் பூசியிருக்கும் பசை போய், வண்ணம் அங்கே திட்டுத் திட்டாக இறங்கும். கார்பன் தாள் வைத்து அழுத்தி வரைந்தாலோ பள்ளம் விழும். அதில் நிறம் தேங்கி, மீசை மயிரை ஒட்டி ஒரு கறுத்த கோடு நின்றுவிடும். பிறகு எதைச் செய்தும் அது போகாது. பொடி தட்டினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

முகலாய ஓவியக்கூடங்களில் ஒளி ஊடுருவும் மான்தோலில் படியெடுத்து, துளையிட்டுக் கரிப்பொடி தட்டினார்கள்; அந்தத் தோலுக்குச் சர்பா என்று பெயர். இன்று நம்மூரில் ஆரி வேலை செய்பவர்கள் ஊசி குத்திய தாளின்மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து ரவிக்கைத் துணிக்கு டிசைனை மாற்றுகிறார்கள். அவர்களுக்கு அது "ட்ரேஸ்".

என் பரிந்துரை "பொடியொற்று". உலர்ந்த கரிப்பொடியைத் தேய்த்தால் புள்ளி கலைந்துவிடும். ஒற்றடம் கொடுப்பதுபோல ஒற்றித்தான் எடுக்க வேண்டும். கையின் அசைவே சொல்லில் இருக்கிறது. துளையிட்டது "துளைத்தாள்", பொடி முடிந்த துணி "பொடிப் பொட்டணம்". "ஒற்று" என்பது ஒற்றெழுத்தோடும் ஒற்றரோடும் மயங்கும் என்று சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். முன்னே "பொடி" நிற்பதால் அந்த மயக்கம் வராது என நம்புகிறேன்.

முழு அளவு முன்வரைவை ஓவியர்கள் "கார்ட்டூன்" என்பார்கள். கேலிச்சித்திரத்தோடு குழம்பும் அந்தச் சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.