மாவு யூனிட் போடுபவர்கள் கவனத்துக்கு: கிரைண்டருக்கு முன்னால் குளிர்பெட்டி (நான்கு ஊர்க்காரர்கள், ஆளுக்கு ஒரு பக்கம்)

கோவை, மாவு உற்பத்தி

தினம் 200 கிலோ இட்லி மாவு என்று திட்டம் போட்டு வருபவர்களின் கொட்டேஷனில் முதல் வரி டில்டிங் கிரைண்டர். பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் கடைசி வரியில் ஒரு விசி கூலர், அதாவது கடையில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு குளிர்பெட்டி. தயவுசெய்து இந்த வரிசையை மாற்றுங்கள். அரைப்பதில் யாரும் தோற்பதில்லை, மாவைக் குளிர வைக்க முடியாமல்தான் தோற்கிறார்கள்.

விசி கூலர் ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலைக் குளிராக வைத்திருக்கச் செய்தது. அரைத்து இறக்கிய மாவு 30 டிகிரியில் இருக்கும். 200 கிலோவை 5 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 15,000 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 4 மணி நேரத்தில் முடிக்க 1 கிலோவாட் குளிர்திறன் தேவை. கதவு திறப்பது, சுவர் வழியே ஏறும் சூடு இரண்டையும் சேர்த்தால் அரை டன் (ஏ.சி.க்குச் சொல்லும் டன், சுமார் 1.75 கிலோவாட்) குளிர்திறனுக்குக் குறைந்து வாங்காதீர்கள். உள்ளே காற்றைச் சுழற்றும் ஃபேன் அவசியம்.

அடுக்குவதிலும் தப்பு நடக்கும். பாக்கெட்டுகளை கிரேட்டில் மூன்றடுக்காகக் குவித்தால் நடுவில் இருப்பவை இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே கிடந்து புளிக்கும். கடையில் உப்பி நிற்பவை அவைதான். ஒரே அடுக்கு, கிரேட்டுகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி. காலையில் நடுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், வெளிப் பாக்கெட்டை அல்ல.

மதுரை, அரைப்புப் பக்கம்

மேலே சொன்னது சரி. ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பகுதி கிரைண்டரிலேயே ஏறுவது. உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்தால் மாவு குளிர்ச்சியாக இறங்கும், உளுந்தும் நன்றாகக் காணும்.

அளவு: இட்லி அரிசி 4 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து 1 கிலோ, வெந்தயம் 30 கிராம். அரிசி 4 மணி நேரம், உளுந்து 1 மணி நேரம் ஊறினால் போதும். மொத்த மாவு 10 முதல் 11 கிலோ. 12 கிலோவைத் தாண்டினால் அது தண்ணீர்தான், இட்லி தட்டையாகிவிடும். உளுந்து மூட்டை மாறும்போதெல்லாம் 100 கிராம் அரைத்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடுங்கள். மிதக்காவிட்டால் பழைய உளுந்து. விலை குறைவென்று அதை வாங்கினால் விகிதத்தைக் கூட்டிக் கூட்டி லாபம் அங்கேயே போய்விடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் அன்று மாவு புளிக்கத் தாமதமாகும். தண்ணீரை முந்தின நாளே பிடித்துத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கார்பன் ஃபில்டர் போடுங்கள்.

திருச்சி, பேக்கிங்

பாக்கெட் உப்பிப் பெருப்பதற்குக் காரணம் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடு. பாக்கெட்டில் ஊசித் துளை போடுவதை வைத்தியமாக நினைக்காதீர்கள். மாவு கசியும், பூஞ்சையும் உள்ளே போகும். காற்று வெளியே மட்டும் போகும் ஒருவழி வால்வு உள்ள பவுச் நல்லது, விலை கூடுதல். அது கட்டுப்படியாகாதவர்கள் புளிக்கவைக்காத மாவையே நிரப்பி, மேலே கால் பங்கு இடம் விட்டு, உடனே குளிருக்கு அனுப்ப வேண்டும்.

புதுமை என்றால் பெரிய இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். 2005-ல் பெங்களூரில் தொடங்கிய ஐடி ஃபிரெஷ், வடை மாவை அழுத்தினால் நடுவில் துளையோடு விழும் பேக்காகக் கொண்டுவந்தது. மாவு பழையது, பையின் வாய்தான் புதிது. சிறு யூனிட்டுக்கும் இந்தப் பக்கம் இடம் இருக்கிறது. தஞ்சாவூர் நிஃப்டெம் (மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடத்தில் ஆயுட்கால சோதனை செய்துகொண்டு தேதி அச்சிடுங்கள். ஊகித்து அச்சிட்ட தேதி திரும்பி வரும் சரக்காகத்தான் முடியும்.

சேலம், கடன் பக்கம்

பி.எம்.எஃப்.எம்.இ., அதாவது சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் மானியக் கடன் திட்டம், 2020-ல் வந்தது. திட்டச் செலவில் 35% மானியம், உச்சம் 10 லட்சம், சொந்தப் பணம் குறைந்தது 10%. இதில் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: மானியம் கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். கடைசித் தவணைக் கடன் கொடுத்து 3 ஆண்டு கழித்து, கடன் கணக்கு ஒழுங்காக இருந்து யூனிட்டும் ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். அதுவரை கடனில் அந்தத் தொகை அளவுக்கு வட்டி போட மாட்டார்கள், ஆனால் அதை வைத்துச் சரக்கு வாங்க முடியாது. கடைக்காரர் பாக்கி, திரும்பிவரும் பாக்கெட் இரண்டுக்கும் நடைமுறை மூலதனத்தைத் தனியாக எழுதிக் கேளுங்கள். குளிர்பெட்டியை வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது கடினம்.

கோவை, மாவு உற்பத்தி

ஒன்று விட்டுப்போனது. அரிசி களைந்த தண்ணீரும் கிரைண்டர் கழுவும் தண்ணீரும் இரண்டே நாளில் நாறும், சாக்கடையில் மாவு படிந்து அடைக்கும். கட்டடம் எழும்போதே இரண்டு அறை கொண்ட படிவுத் தொட்டி கட்டி, அடியில் தங்குவதை தினமும் மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தார் புகார் வந்தபின் தரையை உடைத்துக் கட்டினால் செலவு பல மடங்கு.