மறு: கியர் ஹெட் – பல்லிணைத் தலையா, திருகுதலையா?

எல்லாருக்கும் வணக்கம்,

கேமராவை முக்காலி (ட்ரைபாட்) மேல தாங்கி, குமிழைத் திருகி அசைக்கிற கியர் ஹெட்டுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம். ஐயா பல்லிணைத் தலைன்னு எழுதியிருந்தாங்க, அண்ணன் பற்சக்கரத் தலைன்னு சொல்லிருந்தாரு. ரெண்டும் பொருள்ல சரிதான், உள்ள பல்லுச்சக்கரம்தான இருக்கு. ஆனா ஸ்டுடியோவுல வைக்கிற பெரிய முக்காலி சிலதுல நடுத்தண்டையே கைப்பிடியைச் சுத்தி ஏத்தி இறக்குற மாதிரி பல் வச்சிருப்பாங்க, அதுவும் பல்லிணைதான், அப்ப பல்லை வச்சுப் பேரு கொடுத்தா எது தலை எது தண்டுன்னு கடைக்காரருக்கும் குழப்பம் வாங்குறவருக்கும் குழப்பம்.

கை என்ன செய்யுதோ அதுல இருந்து பேரு வரணும்ங்கிறது என் கருத்து. பால் ஹெட்ல (ஒரு உருண்டை மேல கேமரா நிக்கிற தலை, இதுக்கு குண்டுத் தலைன்னு ஏற்கனவே பேசி முடிச்சோம்) பிடியைத் தளர்த்துனா கேமரா எல்லாப் பக்கமும் ஒண்ணா ஆடும், சரியா வச்சு இறுக்குறப்ப ஒரு நூல் இறங்கிரும், லென்ஸ் கனமா இருந்தா இன்னும் மோசம். கியர் ஹெட்ல மூணு குமிழ் இருக்கு, ஒண்ணைத் திருகுனா கேமரா குனியும் நிமிரும், இன்னொண்ணு பக்கவாட்டுல சாய்க்கும், மூணாவது திருப்பும், ஒண்ணைத் தொட்டா மத்த ரெண்டும் அசையாது. குமிழோட சேர்ந்த மரைத்தண்டு சக்கரத்தைத் தள்ளும், ஆனா சக்கரத்தால மரையைத் திருப்பித் தள்ள முடியாது, அதனாலதான் கையை எடுத்ததும் வச்ச இடத்துலயே நிக்குது. நடுத்தண்டுக்குக் கைப்பிடியைச் சுத்துறோம், தலைக்குக் குமிழை விரலால திருகுறோம். ஆகவே திருகுதலை.

தலையைத் திருகுறதுன்னா கோழி ஞாபகம்தான் வரும்னு ஒரு தோழர் சொன்னாரு. அது தலையைத் திருகுறது, இது திருகுற தலை. நம்ம ஊரு வேலியில நிக்கிற திருகுகள்ளியை யாரும் அப்படி நினைக்கிறதில்லையே, அதே அமைப்புதான், நடுவுல ஒற்றும் வேண்டாம்.

இது யாருக்கு வேணும்னும் பேசிரணும், பேரு மட்டும் வச்சு என்ன செய்ய. ஓலைச்சுவடியைப் படம் எடுக்குறவங்களுக்கு இது கட்டாயம் வேணும். சுவடி இருக்கிற இடத்துல ஒரு கண்ணாடியை மட்டமா வச்சு, கேமராவைக் கீழ பாக்க நிறுத்தி, லென்ஸோட பிம்பம் திரைக்கு நட்டநடுவுல வர்ற வரைக்கும் குனியுற குமிழையும் சாய்க்கிற குமிழையும் கொஞ்சம் கொஞ்சமாத் திருகணும், வந்துருச்சுன்னா ஓலையும் சென்சாரும் இணையா இருக்குன்னு அர்த்தம், ஓரத்து எழுத்தும் தெளிவா விழும். மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலையில பாறையில வெட்டின வட்டெழுத்தை (பழைய தமிழ் எழுத்து) படம் எடுக்குறப்பவும் இதே தேவைதான், பக்கவாட்டு வெயில் கொஞ்ச நேரந்தான் நிக்கும், அதுக்குள்ள பாறைக்கு நேரா கேமரா நிக்கணும் (முக்காலி கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வாங்கிருங்க, தொல்லியல் துறை இடம்). திருமலை நாயக்கர் மகால் தூணெல்லாம் செங்குத்தா விழணும்னாலும் இதுதான். சாமநத்தம் கண்மாய்ல பறவை எடுக்கப் போறவங்க வாங்காதீங்க, திருகி முடிக்கிறதுக்குள்ள கொக்கு போயிரும்.

வாங்குறவங்க எடை பாருங்க. மான்ஃப்ராட்டோ கம்பெனியோட 410 மாடல் ஏறக்குறைய 1.2 கிலோ, 5 கிலோ தாங்கும். அதே கம்பெனியோட எக்ஸ்ப்ரோ கியர் ஹெட் எடை 750 கிராம், 4 கிலோ தாங்கும். மலை ஏறுறவங்களுக்கு இந்த வித்தியாசம் தோள்ல தெரியும். அதைவிட முக்கியம் கேமராவைத் தலை மேல மாட்டுற தட்டு, மான்ஃப்ராட்டோ தன் சொந்தத் தட்டு போடுது, பென்ரோ மாதிரி கம்பெனிக ஆர்க்கா வகைத் தட்டு (பல கம்பெனிக்கும் பொதுவான அமைப்பு) போடுறாங்க, உங்ககிட்ட எது இருக்கோ அதுக்குத் தோதா வாங்குங்க, இல்லேன்னா தட்டுக்குன்னு தனிச்செலவு வரும். 410 ஒரு பக்கம் 90 பாகை சாயும், எதிர்ப்பக்கம் 30 பாகைதான், சுவடி வேலைக்கு எந்தப் பக்கம் குனியுதுன்னு கடையிலயே மாட்டிப் பாத்துருங்க. பல்லை விடுவிச்சு ஒரே தள்ளுல கேமராவைக் கொண்டுபோற வளையம் இருக்கான்னும் பாருங்க, அது இல்லாம மூணு குமிழையும் முழுசாத் திருகிட்டே இருந்தா விரல் விட்டுப்போகும். கிரீஸ் வெளிய தெரியுற மாதிரி இருந்தா நம்ம ஊருத் தூசி அதுல ஒட்டும், உறை போட்டு வைங்க.

துணைச்சொல்லுக்கு என் பரிந்துரை: முன்பின் அசைவு குனிவு, பக்கவாட்டு அசைவு சாய்வு, மூணாவது திருப்பு. குமிழைத் திருப்பித் திருகுறப்ப சக்கரம் பிடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வெறுமனே ஓடுமே, லேத்துப் பட்டறையில பிளேன்னு சொல்றது, அதுக்கு ஆட்டம்னு வச்சா போதும்னு நினைக்கிறேன். ஐயா, குனிவு உங்களுக்குச் சம்மதமா? நிமிர்றதுக்கும் அதே சொல் நிக்குமாங்கிறது மட்டும்தான் எனக்கு இன்னும் உறுத்துது.