கலிபோர்னியாவின் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் யாருக்குக் கட்டுப்பட்டது?

கேள்வி:
ஆளுநர் ஜனவரி 10-க்குள் முன்வைக்கும் வரவுசெலவுத் திட்டத்தை இந்த அலுவலகம் அக்குவேறு ஆணிவேறாக அலசி வெளியிடுகிறது. அரசு ஊழியர்களே அரசின் கணக்கில் குறை காண்பது எப்படிச் சாத்தியமாகிறது?

மறுமொழி 1:
ஐயா, அவர்கள் ஆளுநரின் ஊழியர்கள் அல்லர். 1941-இல் தொடங்கப்பட்ட அந்த அலுவலகத்தை, இரு அவைகளையும் இரு கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்கள் இடம்பெறும் கூட்டு வரவுசெலவுக் குழுவே மேற்பார்வையிடுகிறது. ஆளுநருக்கு நிதித்துறை இருப்பதுபோலச் சட்டமன்றத்துக்கு இது.

மறுமொழி 2:
வாக்காளர் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் ஒரு முன்மொழிவின் தலைப்பையும் சுருக்கத்தையும் தேர்தலில் வென்று வந்த அரசுத் தலைமை வழக்கறிஞர் எழுதுகிறார். ஆனால் அது நிறைவேறினால் கருவூலத்துக்கு என்ன செலவாகும், 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் வாக்களிப்பதன் பொருள் என்ன என்ற பகுதிகளை எழுதுவது இந்த ஆய்வாளரே. நான் முதலில் படிப்பது அவற்றைத்தான்.

மறுமொழி 3:
கட்சிச் சார்பின்மை வேறு, பாதுகாப்பு வேறு. 1990-இல் வாக்காளர்கள் ஏற்ற 140-ஆம் முன்மொழிவு சட்டமன்றச் செலவுக்கு உச்சவரம்பு விதித்தபோது, இந்த அலுவலகமும் பெருமளவு ஊழியர்களை இழந்தது. மேலும், இதன் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஜூன் 15-க்குள் வரவுசெலவுத் திட்டத்தின் மீது வாக்களிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களே.